மழலையர் கைபிடித்துக் காட்டுக்குள்ளே

“காட்டில் என்ன இருக்கும்?” என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். “சிங்கம்”, “புலி”, “பேய்”, “பூச்சாண்டி” என்ற பதில்களே வரும். எங்கள் குடியிருப்பில் உள்ள ஏழு சிறுவர் சிறுமியரிடம் நான் கேட்டபோது கிடைத்த பதில்கள் இவைதாம். ஒரு பிள்ளை மட்டும் “குப்பை” என்றாள். அவள் பார்த்த ஒரே காடு, நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகள் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகும் புதர் நிலம். அவள் கண்டதைச் சொன்னாள்; அவள்மேல் என்ன தவறு?

கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் வாழும் நமக்குக் காடு தொலைவில் இல்லை. ஆலைகளின் மதிற்சுவர் முடியும் இடத்திற்குச் சற்று அப்பால் காப்புக்காடுகள் இருக்கின்றன. ஆயினும் நம் வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகள் அவற்றில் ஒரு நாளும் கால் வைப்பதில்லை. சிறு குழந்தைகளைக் காட்டுக்கு ஏன் அழைத்துச் செல்ல வேண்டும், எப்படி அழைத்துச் செல்ல வேண்டும், எவற்றைக் காட்ட வேண்டும் என்பனவற்றை நான் படித்தும் கேட்டும் நேரில் பார்த்தும் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

நம் காடு எத்தகையது?

சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாக வகுத்து, காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றனர் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். காடு என்றதும் திரைப்படத்தில் வரும் வானளாவிய மரங்களையும் அருவிகளையும் எதிர்பார்த்து நம் பக்கத்துக் காட்டுக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இங்குள்ள காடு குட்டையானது, முள் நிறைந்தது.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியில் வளரும் காட்டினை உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் அழைக்கின்றனர். ஆண்டின் பல மாதங்கள் வறண்டிருந்தும் இந்தக் காட்டின் மரங்கள் இலைகளை ஒருசேர உதிர்ப்பதில்லை. இவற்றின் இலைகள் சிறியவை, தடித்தவை, மேற்புறம் பளபளப்பானவை. அதனால் நீர் எளிதில் ஆவியாகிப் போய்விடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இக்காட்டின் பெரும் உணவு. பாலை, வீரை, காயா, களா, காரை, நுணா, தேற்றான், சூரை ஆகியவை இதில் வளரும் மரங்களிலும் செடி கொடிகளிலும் சில.

இத்தகைய காடு இன்று பெரும்பரப்பில் எஞ்சியிருக்கும் இடம் நமக்கு மிக அருகில் உள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவாகும். ராக்கெட் புறப்படுவதை நாம் மொட்டை மாடியில் நின்று பார்க்கிறோமே, அந்த ஏவுதளத்தைச் சுற்றியுள்ள காடுதான் அது. பிற இடங்களில் கோயில் காடுகளாகவும் காப்புக்காடுகளாகவும் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது.

குட்டையான காடு என்பது குறையா? சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை அது பெரும் பேறு என்பேன். மலைக்காட்டில் பூவும் பழமும் கூடும் ஐம்பது அடி உயரத்தில் இருக்கும். குழந்தை அடிமரத்தை மட்டுமே பார்க்கும். நம் காட்டிலோ களாக்காயும் சூரைப்பழமும் சிலந்தி வலையும் எறும்புக் கூடும் ஐந்து வயதுப் பிள்ளையின் கண் மட்டத்திலேயே இருக்கின்றன. நாம் குனிந்து பார்க்க வேண்டியதை அவர்கள் நிமிர்ந்து நின்று பார்க்கிறார்கள்.

எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

பெரியவர்கள் பயணம் என்றால் போய்ச்சேரும் இடத்தையே எண்ணுவார்கள். குழந்தைகளுக்குப் போய்ச்சேரும் இடம் என்று ஒன்று கிடையாது. வழியில் கிடப்பதெல்லாம் அவர்களுக்குப் போய்ச்சேர்ந்த இடம்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையில் என் பெற்றோரும் சித்தப்பாவும் எங்களைப் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பால் உள்ள குடியம் குகைகளுக்கு அழைத்துச் சென்றனர். என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் உடன் வந்தனர். ஊரிலிருந்து குகை வரை காட்டு வழியே நடக்க வேண்டும். கால் மணி நேரம் நடந்ததும் மூவரும் மணலில் உட்கார்ந்துவிட்டனர். களைப்பினால் அல்ல; அங்கே சின்னச் சின்னப் புனல்களைப்போல் குழிகள் இருந்தன. “ஆய், குழியானை!” என்றார் சித்தப்பா. ஓர் எறும்பு குழியின் விளிம்பில் கால் வைத்தது, மணல் சரிந்தது, அடியில் மறைந்திருந்த பூச்சி மணலை வாரி மேலே வீசியது, எறும்பு உள்ளே விழுந்தது. மூவரும் முக்கால் மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வெயில் ஏறிவிட்டதால் அன்று குகையைப் பார்க்காமலே திரும்பினோம். அடுத்த ஆண்டுதான் குகையைப் பார்த்தோம். ஆனால் தம்பி இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது குழியானையைப் பற்றித்தான்.

ஆகவே நான் கண்ட முதல் விதி இது: சிறுவர்களோடு போகும்போது தூரத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். காலை ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பதரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அரைக் கிலோமீட்டர் நடந்தாலும் போதும். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. சித்திரை, வைகாசி வெயிலில் அறவே கூடாது.

எவற்றைக் காட்டலாம்?

புலியும் யானையும் தேவையில்லை. பின்வருவன போதும்.

குழியானை: மழை படாத உலர்ந்த மணலில் இருக்கும். இப்பூச்சி பின்னோக்கியே நகர்ந்து குழி பறிக்கும். வளர்ந்தபின் தட்டானைப் போன்ற சிறகு பெற்றுப் பறந்துவிடும்.

முசுறு: மரத்தில் இலைகளை ஒட்டிப் பந்துபோல் கூடு கட்டும் செவ்வெறும்பு. பசை எங்கிருந்து வருகிறது தெரியுமா? தன் கூட்டத்தின் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அவை சுரக்கும் பட்டு இழையினால் இலைகளைத் தைக்கிறது. பெரிய எறும்புகள் சின்னப் புழுக்களைத் தையல் ஊசியாகப் பயன்படுத்துகின்றன எனலாம். கடித்தால் வலிக்கும், தள்ளி நின்றே பார்க்க வேண்டும்.

தம்பலப்பூச்சி: முதல் மழை பெய்ததும் சிவப்பு வெல்வெட்டுத் துணியின் துணுக்குபோல் தரையில் ஊரும். கால்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வரும். பூச்சிகளுக்கு ஆறு கால்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது இது சிலந்தியின் உறவு என்று சொல்லலாம். அறிவியல் பாடத்தில் ஒரு பக்கம் படித்து மனனம் செய்வதை ஒரு நிமிடத்தில் அவர்களே கண்டுகொள்வார்கள்.

தவிட்டுக்குருவி: ஆறேழு சேர்ந்தே திரியும். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். அவை திடீரென்று கூச்சலிட்டால் அருகில் பாம்போ கீரியோ பருந்தோ இருக்கக்கூடும். காட்டில் காவற்காரர்கள் இவையே.

தேற்றான்: இதன் கொட்டையைக் கலங்கிய நீர்ப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டால் கசடு அடியில் தங்கி நீர் தெளியும். நம் முன்னோர் கையாண்ட நீர் சுத்திகரிப்பு முறை இது.

பெயர்கள் எங்கே போகின்றன?

எங்கள் ஆயா ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சென்ற விடுமுறையில் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் இருபது செடி கொடிகளின் இலைகளைப் பறித்து வந்து திண்ணையில் பரப்பினேன். ஆயா ஒன்றைத் தவிர எல்லாவற்றிற்கும் பெயர் சொன்னார். எது மாட்டுக்கு ஆகும், எது ஆகாது, எது வயிற்று வலிக்கு, எது புண்ணுக்கு என்றும் சொன்னார். அம்மா பதினொன்றிற்குச் சொன்னார். எனக்குத் தெரிந்தவை ஐந்து. தம்பி வேப்பிலையை மட்டும் காட்டினான்.

ஒரே வீட்டில், ஒரே திண்ணையில், மூன்று தலைமுறைக்குள் பத்தொன்பது ஒன்றாகிவிட்டது. தம்பிக்கு ஒரு குழந்தை பிறக்கும்போது அந்த ஒன்றும் இருக்குமா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. அப்பூக்களைப் பறித்துப் பாறையில் குவிப்பவர்கள் தலைவியும் தோழியருமாகிய இளம்பெண்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். காட்டின் பெயர்களை அறிந்தவர்களாகப் பெண் பிள்ளைகளைத்தான் அந்தப் புலவர் காட்டுகிறார். இன்றோ “பெண் பிள்ளைக்குக் காட்டில் என்ன வேலை?” என்று கேட்கிறார்கள். விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் காட்டுக்குள் போய் வந்த நம் ஆயாக்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க நாட்டு உயிரியல் அறிஞர் ரேச்சல் கார்சன், பூச்சிக்கொல்லி மருந்துகளின் கேட்டை 1962-இல் உலகுக்கு எடுத்துரைத்தவர். அவர் தம் உறவுக் குழந்தையான ரோஜரைக் கடற்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்ற அனுபவத்தை 1956-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1965-இல் அது நூலாக வந்தது. குழந்தைக்கு முதலில் வேண்டியது வியப்பு. பெயரும் விவரமும் பின்னால் வரலாம் என்பது அவர் கருத்து.

அது உண்மையே. ஆனால் அவர் நாட்டில் பெயர்கள் எல்லாம் நூல்களில் பத்திரமாக இருந்தன. ரோஜர் வளர்ந்தபின் நூலகத்தில் தேடிக்கொள்ளலாம். நம் ஊர்ச் செடிகளின் பெயர்களிலும் பயன்களிலும் பலவும் ஆயாக்களின் நினைவில்தான் இருக்கின்றன. அந்த நூலகம் நமக்காக நெடுநாள் திறந்திருக்காது. ஆகையால் வியப்பைக் குழந்தைகளுக்கு விடுவோம். பெயர்களை எழுதிக்கொள்ளும் வேலையைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாம் எடுத்துக்கொள்வோம்.

அபாயங்களும் முன்னெச்சரிக்கையும்

பெற்றோர் அஞ்சுவதில் பொருள் உண்டு. அச்சத்தை மறைக்காமல், எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துகொள்வதே சரியான வழி.

காப்புக்காட்டிற்குள் வனத்துறையின் அனுமதியின்றிப் போகக் கூடாது. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் வேண்டும். ஊரை அறிந்த ஒருவர் முன்னே நடக்க வேண்டும். மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, தொப்பி, போதிய குடிநீர் ஆகியவை இன்றியமையாதவை.

“எதையும் வாயில் வைக்காதே” என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் குன்றிமணி கடும் நஞ்சுடையது. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டி மரத்தின் பழம் ஆரஞ்சுப் பழம்போல் தோன்றும். அதன் விதையும் கொடிய நஞ்சே. களாவும் சூரையும் உண்ணத்தக்கவையாயினும், பெரியவர் பார்த்துக் கொடுத்தால் மட்டுமே உண்ண வேண்டும்.

தேனடை தொங்கும் பாறையருகே கூச்சலிடுவதும் கல்லெறிவதும் புகை போடுவதும் கூடாது. ஓடையிலும் குட்டையிலும் இறங்க விடக்கூடாது.

பாம்புகளில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணம். புற்றிலும் பொந்திலும் கை விடாமலும், கல்லைப் புரட்டாமலும், பார்த்துக் கால் வைத்தும் நடந்தால் பெரும்பாலும் ஆபத்து நேராது. கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. வளையல், கொலுசு, மோதிரங்களைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நஞ்சுமுறி மருந்து ஒன்றே இதற்கு மருந்து.

அம்மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்துத் தருவோர் யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்குச் சென்று, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023-இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் நம் பள்ளிகளில் பயில்கிறார்கள். காட்டுப் பாடத்தில் அவர்களே நமக்கு ஆசிரியர்கள்.

காட்டுக்குள்ளே ஒரு பழைய பள்ளிக்கூடம்

1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் வில்லியம் கிங் என்பவருடன் நம் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு என்ற பெண் தொல்லியல் அறிஞரும் அவர் குழுவினரும் அங்கே அகழாய்வு செய்து, அக்கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தனர்.

அருகிலுள்ள குடியம் குகைகளின் கூரையை அண்ணாந்து பார்த்தால் உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் பதிந்திருப்பது தெரியும். கொழுக்கட்டை மாவில் கடலைப் பருப்பைப் பதித்ததுபோல் இருக்கிறது என்று தம்பி சொன்னான். ஓடும் நீரில் உருண்டு உருண்டு வழுவழுப்பான கற்கள் அவை. மலை மேல் ஆற்றுக் கல் எப்படி வந்தது? முன்னொரு காலத்தில் நீர் அடித்துக்கொண்டு வந்து குவித்த கல்லும் மணலும் இறுகியே இப்பாறை ஆனது. இத்தகைய கற்களைத் தட்டிச் செதுக்கித்தான் ஆதி மனிதர்கள் கைக்கோடரி செய்தனர்.

எந்தக் கல் உடையும், எந்தக் காய் கசக்கும், எந்தப் பாம்பு கடிக்கும் என்று அவர்களுடைய குழந்தைகள் எங்கே கற்றிருப்பார்கள்? பெரியவர்களின் பின்னே நடந்து இதே காட்டில்தானே கற்றிருக்க வேண்டும்! நம் மாவட்டத்தின் முதற்பள்ளி அதுவே. அங்கே காணும் கற்களை யாரும் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. கருவிகளைக் கண்ணாரக் காண விரும்புவோர் பூண்டியில் 1985-இல் தொடங்கப்பட்ட தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் காணலாம்.

பிற நாடுகளிலும் இப்போது இப்பழைய முறைக்கே திரும்புகின்றனர். டென்மார்க்கில் 1950-களில் எல்லா பிளாட்டோ என்ற தாய் தம் பிள்ளைகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச் சென்றார். அதிலிருந்து காட்டு மழலையர் பள்ளிகள் தோன்றின. செருமனியில் 1993-இல் பிளென்ஸ்பர்க் நகரில் அத்தகைய பள்ளிக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது. மழையும் பனியும் கொட்டும் நாடுகளில் அது முடிகிறதென்றால், நம் ஊரில் மார்கழி, தை மாதக் காலை வேளையில் மூன்று மணி நேரம் முடியாதா?

ஆலையும் காடும்

ஆலை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. என் தந்தை ஆலையில் வேலை செய்தே என்னைப் படிக்க வைக்கிறார். நம் பள்ளியில் பயிலும் பலரின் நிலையும் அதுவே. ஆலைக்கு வேலி இருக்கிறது, காவலர் இருக்கிறார், பெயர்ப்பலகை இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். “வெறும் புதர்தானே” என்று சொல்லி ஒரு காட்டை அழித்துவிடுவது எளிது. அங்கே பாலையும் வீரையும் தேற்றானும் முசுறும் குழியானையும் இருக்கின்றன என்று தெரிந்த ஒரு கூட்டம் ஊரில் இருந்தால் அவ்வளவு எளிதன்று. வரிசையாகத் தைல மரங்களை நட்டுவிட்டுக் காடு வளர்த்தோம் என்று சொல்வதும் அவர்களிடம் எடுபடாது.

சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) நெடுங்காடுகளை மட்டுமல்லாமல் வீட்டைச் சுற்றித் திரிந்த ஓணானையும் குருவியையும்கூட உற்றுப் பார்த்து எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக வந்துள்ளன. காட்டுக்குப் போக இயலாதவர்கள் ஏரிக்கரையிலோ பள்ளித் தோட்டத்தின் மூலையிலோ தொடங்கலாம்.

அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் என் வேண்டுகோள் இது. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் கீழ்வகுப்புப் பிள்ளைகள் இருவரின் கைபிடித்து, ஆசிரியைகளும் பெற்றோரும் உடன் வர, தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது காட்டோரத்தில் நடக்க அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் ஐந்து செடிகளின் இலைகளைக் கொண்டு வரட்டும். அவற்றைத் தத்தம் ஆயாவிடம் காட்டிப் பெயரும் பயனும் கேட்டு வரட்டும். நாம் அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, இலைகளை ஒட்டி, பள்ளி நூலகத்தில் வைப்போம். இரட்டைக் கோடு போட்ட பெரிய குறிப்பேடு ஒன்றை நான் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கங்களில் எங்கள் ஆயா சொன்ன பத்தொன்பதும் இருக்கின்றன. அவருக்கும் பெயர் தெரியாத இருபதாவது இலையையும் ஒட்டி, பக்கத்தில் இடம் விட்டு வைத்துள்ளேன். உங்கள் ஆயாவுக்குத் தெரிந்தால் வந்து எழுதுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி